குளிருக்கு வந்த விருந்தாளிகள்

அக்டோபர் பிறந்தால் போதும், நம் பள்ளிக்கூடத் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் ஆரம்பித்துவிடுகிறீர்கள். பெங்களூரில் பனி மூடிய அல்சூர் ஏரியை யாரோ எடுத்த படம் ஒன்று முதலில் வரும். அதற்குக் கீழே ஒருத்தி, "நம்ம ஊரு குளிர் மாதிரி எங்கயாவது வருமா" என்று எழுதுவாள். அப்போதெல்லாம் வீட்டில் ஃபேனே கிடையாது என்று இன்னொருத்தி நினைவுபடுத்துவாள். பிறகு தசரா லீவு, கிறிஸ்துமஸ் லீவு, கடலேபுரிப் பொரி, பிளம் கேக், அம்மா பின்னிய ஸ்வெட்டர் என்று வரிசையாக வந்து விழும். மூட்டுவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத குளிருக்கு இத்தனை இதயங்களை அனுப்புகிறீர்கள். நான் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

போன வாரம் உங்களில் ஒருத்தி என்னை வம்புக்கு இழுத்தாள். "நீ ஏன்டி பேசாம இருக்கே? லீவு விட்டா உங்க வீடுதான் கல்யாண வீடு மாதிரி இருக்குமே" என்று கேட்டிருந்தாள். கேட்டுவிட்டாள் அல்லவா, எழுதுகிறேன். படித்துவிட்டு யாரும் இதயம் அனுப்ப வேண்டாம்.

ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் தகரம் போட்ட குளியலறை. முன்னால் காலி சைட்; அதில் இடுப்பளவு காங்கிரஸ் செடி, அதுதான் பார்த்தீனியம், வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கும். அப்பா ஒரு பெரிய பாக்டரியில் ஸ்டோர்ஸ் கிளார்க். ஆம்பூர்ப் பக்கத்து வெயிலில் பிறந்து, மீசை அரும்பும் வயதில் இந்த ஊருக்கு வந்தவர். அவருக்குச் சொத்து கிடையாது, பதவி கிடையாது, கூடப் பிறந்தவர்கள் முன்னால் காட்டிக்கொள்ள ஒன்றும் கிடையாது. அதனால் பெங்களூர்க் குளிரைத் தன் சொத்தாக எழுதி வைத்துக்கொண்டார். அதை அவரே தயாரித்து விநியோகம் செய்வது போலத்தான் பேசுவார். "எங்க ஊர்ல நோய் வராது. நோய் வந்தவன் இங்க வந்தா சரியாப் போயிடும்" என்பார். இந்த வாக்கியத்தை நான் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தேன்.

சொத்து இருந்தால் பங்காளிகள் வரத்தானே செய்வார்கள். தசரா லீவுக்கு ஒரு முறை, கிறிஸ்துமஸ் லீவுக்கு ஒரு முறை, மெட்ராஸிலிருந்து அத்தை குடும்பம் வந்து இறங்கும். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அவளோடு மாமா, தடித்தடியாக இரண்டு பையன்கள். மாமா ஏதோ ஒரு ஆபீஸில் சூப்பரிண்டெண்டண்ட். அந்த உத்தியோகத்தை ரயிலில் விட்டுவிட்டு வரும் வழக்கம் அவருக்கு இல்லை.

நான் ஐந்தாவது படித்த வருடத்துத் தசரா லீவைச் சொல்கிறேன். வந்த அன்று காலையிலேயே மாமா குரங்குக் குல்லாவும் மஃப்ளருமாக வாசலில் வந்து நின்றார். இடுப்பில் கையை ஊன்றி, காலி சைட்டைப் பார்த்து, மூக்கு விடைக்க மூச்சை இழுத்தார்.

"இன்னா காத்து மச்சான். மெட்ராஸ்ல இத காசு குடுத்தாலும் வாங்க முடியாது."

"இது ஒண்ணுமில்ல மாமா. டிசம்பர்ல வந்து பாருங்க" என்றார் அப்பா. விற்காத சரக்கை உள்ளே ஒளித்து வைத்திருக்கும் கடைக்காரரின் அடக்கம் அவர் குரலில் இருந்தது.

இந்தக் காற்றை இவர்கள் இரண்டு பேரும் வாசலில் நின்று பாராட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா பின்பக்கம் மரத்தூள் அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தாள். உங்களுக்கு அந்த அடுப்பு நினைவிருக்கும். தகர டப்பாவின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளைக் கெட்டித்து, பாட்டிலை உருவிவிட்டுப் பற்றவைக்க வேண்டும். ஈரத்தூளாக இருந்தால் புகை கண்ணைப் பிடுங்கும். குளிர் ஊருக்கு ஆசைப்பட்டு வந்தவர்கள் ஒருவர்கூடக் குளிர்ந்த நீரில் குளிக்க மாட்டார்கள். கைகழுவக்கூட வெந்நீர் கேட்பார்கள். விடியும் முன்னால் மூட்டிய அடுப்பு பத்து மணி வரைக்கும் புகைந்துகொண்டே இருக்கும். அதற்குப் பிறகு துணி. கம்பளிகளையும் ஸ்வெட்டர்களையும் அத்தை வரும்போதே அழுக்காகக் கொண்டு வருவாள். பெங்களூர்த் தண்ணீரில் துவைத்தால் கம்பளி மெத்தென்று ஆகிறது என்பது அவளுடைய கண்டுபிடிப்பு.

அம்மாவுக்கு அக்டோபரிலிருந்து மூச்சு விசில் அடிக்கும். தூங்கும்போது, குனியும்போது, படியேறும்போது மெல்லியதாக ஒரு சத்தம் வரும். பக்கத்தில் படுத்து அதைக் கேட்டுக்கொண்டே நான் தூங்கிப் பழகியிருந்தேன். குளிர்காலம் வந்தால் எல்லா அம்மாக்களுக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அதோடு, அம்மா ரொம்பக் கறாரான ஆள் என்றும் நினைத்திருந்தேன். எதைக் கேட்டாலும் ஒற்றைச் சொல்லில்தான் பதில் வரும். "வேணாம்." "அப்புறம்." "போ." உங்கள் அம்மாக்கள் எல்லாம் வாசலில் உட்கார்ந்து மணிக்கணக்கில் கதை பேசுவதைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும். நமக்கு வாய்த்தது இப்படி என்று விட்டுவிட்டேன்.

அத்தை வேறு விதமாக முடிவு செய்திருந்தாள். "இவளுக்கு எப்ப மூச்சு வாங்குது பாத்தியாடா? நாங்க வந்து எறங்குனா வாங்குது. எல்லாம் நடிப்புடா" என்று அப்பாவிடம் சொன்னாள். நான் பக்கத்தில் பொரி தின்றுகொண்டிருந்தேன். இப்போது யோசித்தால் அத்தையின் கவனிப்பில் குறையே இல்லை. அவர்கள் வந்தால் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது உண்மைதான். ஏன் என்று யோசிக்கிற சிரமத்தை மட்டும் அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆயுத பூஜையன்று பாக்டரிக் கதவைக் குடும்பங்களுக்குத் திறந்துவிடுவார்கள். கடைசல் இயந்திரங்களுக்கெல்லாம் வாழைக்கன்றும் சாமந்தி மாலையும் கட்டியிருக்கும். எண்ணெய் நாற்றமும் ஊதுபத்தி வாசமும் கலந்து கிடக்கும். அப்பா மாமாவை அழைத்துக்கொண்டு, முதலாளி போல ஒவ்வொரு ஷெட்டாகக் காட்டிக்கொண்டு போனார். மாமா ஒரு இயந்திரத்தின் மேல் கையை வைத்து, "தமிழ்நாட்டுல இந்த மெஷின் வெச்சா ஒரு வருஷத்துல துரு புடிச்சிடும் மச்சான். இங்க பாரு, புதுசு மாதிரி இருக்குது. எல்லாம் இந்தக் காத்து" என்றார். அப்பா அதற்கு முகம் சிவந்து சந்தோஷப்பட்டார். எனக்குப் பொரியும் கடலையும் ஒரு லட்டும் கொடுத்தார்கள். அம்மா வரவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவள் வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் கிளம்பிப் போன பிறகு, தீபாவளி மழையெல்லாம் முடிந்து மூடுபனி தொடங்கிய சமயம், அம்மாவுக்கு ரொம்ப முடியாமல் போனது. உட்கார்ந்தபடியே தூங்கினாள். அப்பாவுக்கு ஷிஃப்ட், அதனால் பாக்டரி ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். அங்கே ஒரு லேடி டாக்டர். கன்னடக்காரர். அம்மாவின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை இடம் மாற்றி மாற்றி வைத்து வெகு நேரம் கேட்டார். அவர் முகத்தில் கேலி இல்லை. எங்கள் வீட்டில் யாரும் அம்மாவை அவ்வளவு நேரம் கவனித்து நான் பார்த்ததில்லை.

"இது ஆஸ்துமா அம்மா. மாத்திரை கொடுக்கறேன், ஸ்வல்பம் கேக்கும். ஆனா இந்த ஊரு காத்து உங்களுக்கு ஒத்துக்கல. பனி போறவரைக்கும் எங்கயாவது பிசிலு இருக்கற ஊர்ல போய் இருங்க. சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?"

பிசிலு என்றால் வெயில். அம்மா, "காட்பாடில அக்கா" என்றாள்.

"அப்ப போங்க. சும்மா யோசிச்சிட்டு இருக்காதீங்க. வருஷா வருஷம் இது ஜாஸ்திதான் ஆகும். ஒரு நாள் மூச்சு நின்னே போயிடும்."

கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துச் சொன்னார். வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களிடம் சொல்வதற்கு நானாவது இருக்கிறேன் என்று நினைத்திருப்பார். நானும் அன்று சாயங்காலம் அப்பாவிடம் ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன்.

அப்பாவுக்கு வந்த கோபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அம்மா மேல் இல்லை, நோய் மேலும் இல்லை. யாரோ அவர் வீட்டு வாசலில் நின்று அவர் பரம்பரையை ஏசியது போல ஆடினார். "பெங்களூரு காத்து ஒத்துக்கலையா? உலகத்துல இருக்கறவன் எல்லாம் உடம்பு தேத்திக்க இங்க வரான். இவள மட்டும் காட்பாடிக்குப் போகச் சொல்றாளா அந்த டாக்டரு? கேக்கறவன் சிரிப்பான்" என்றார். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "கிறிஸ்துமஸுக்கு அக்கா எல்லாம் வராங்க. நீ காட்பாடில போய் உக்காந்துகினா நான் அவங்களுக்கு என்ன பதில் சொல்றது? காத்து சரியில்லன்னு சொல்றதா?" என்றார்.

அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். இருமல் வந்தது. அவள் இருமி முடிக்கும்வரை அப்பா காத்திருக்கவில்லை. பேச்சில் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மூச்சில்லாதவளோடு வாதம் செய்து ஜெயிப்பது அவ்வளவு கஷ்டமான காரியமா என்ன?

டிசம்பர் வந்தது. நீங்கள் படமாக அனுப்புகிறீர்களே, அந்த டிசம்பர்தான். எதிர்வரிசைக் கிறிஸ்தவ வீடுகளில் காகித நட்சத்திரங்கள் தொங்கின. தட்டில் கல்கல் இனிப்பும் ரோஸ் குக்கீஸும் வைத்து, மேலே பின்னல் கைக்குட்டை மூடிக் கொடுத்தனுப்பினார்கள். பால்காரர் வாயிலிருந்து புகை வந்தது. இதெல்லாம் எனக்கும் பிடித்திருந்தது, பொய் சொல்லமாட்டேன். மெட்ராஸ் ரயிலிலிருந்து மாமா குடும்பம் கூடுதலாக இரண்டு கம்பளிகளோடு வந்து இறங்கியது.

மாமாவிடம் அப்பா டாக்டர் சொன்னதைச் சொல்லவில்லை. "இவளுக்குக் கொஞ்சம் இளைப்பு" என்று மட்டும் சொன்னார். சூப்பரிண்டெண்டண்டுக்கு அது போதும். அன்று ராத்திரி சாப்பிடும்போதே ஆணை பிறந்துவிட்டது.

"தங்கச்சி, நீ வெளிய வரதே இல்ல. அதான் பிரச்சனை. அடுப்படியிலயே கெடந்தா நுரையீரல் சுருங்கிடும். நாளைலருந்து காலைல என்னோட ஏரிக்கு வா. இந்தக் காத்த ஒரு வாரம் நல்லா உள்ள இழுத்தியானா எல்லாம் சரியாப் போயிடும்."

இவ்வளவு பெரிய மருந்து வாசலிலேயே இலவசமாகக் கிடக்கும்போது தன் மனைவி அதைச் சாப்பிடாமல் இருந்துவிட்டாளே என்று அப்பாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "ஆமா மாமா, கூட்டிட்டுப் போங்க" என்றார்.

மறுநாள் விடிகாலை. மாமா முன்னால், அம்மா நடுவில், அப்பாவும் நானும் பின்னால். பத்தடி தள்ளி இருக்கிறவர் முகம் தெரியாத அளவுக்குப் பனி. அம்மா புடவைக்கு மேல் அப்பாவின் பழைய ஸ்வெட்டரைப் போட்டு, தலையைத் துண்டால் சுற்றியிருந்தாள். ஏரிக்கரைக்குப் போய்ச் சேரும்போதே அவளால் முடியவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தோள்பட்டை இரண்டும் காது வரைக்கும் ஏறி ஏறி இறங்கின. கழுத்து எலும்புக்கு மேலே குழி விழுந்தது. மாமா அவள் எதிரில் நின்றுகொண்டு, தன் கையை மேலே தூக்கித் தூக்கிக் காட்டினார்.

"இழு தங்கச்சி. நல்லா ஆழமா இழு. வயித்து வரைக்கும் போகணும். ஹா... அப்படித்தான்."

நீரில் மூழ்குகிறவளுக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்லிக் கொடுப்பதை நான் அன்றைக்குப் பார்த்தேன். அம்மாவின் உதடு நீலமாக இருந்தது. நான் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். "ஒண்ணுமில்ல, மாமா பாத்துக்குவாரு" என்றார். மாமா திரும்பி, "மொத ரெண்டு நாள் இப்படித்தான் இருக்கும் மச்சான். ஒடம்பு பழகணும்" என்றார். அப்பா தலையாட்டினார். கரையை ஒட்டி அழகாக வாத்துகள் நீந்திக்கொண்டிருந்தன. அந்த இடத்தைத்தான் போன மாதம் உங்களில் ஒருத்தி படமாகப் போட்டு, 'சொர்க்கம்' என்று எழுதியிருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பியதும் அம்மா எல்லோருக்கும் உப்புமா கிளறினாள். ஆமாம், கிளறினாள். நடுநடுவே அடுப்பு மேடையில் கையை ஊன்றி நின்று, திரும்பவும் கிளறினாள். சாப்பிட்டுவிட்டு ஆண்கள் எல்லோரும் கப்பன் பார்க்குக்குக் கிளம்பினார்கள். அங்கே பொம்மை ரயில் உண்டு. நான் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றேன். அம்மா, "நீ இரு" என்றாள். எனக்கு அழுகை வந்தது. இந்தப் பொம்பளைக்கு என் சந்தோஷம் பொறுக்காது என்று நினைத்தேன்.

அவர்கள் தலை மறைந்ததும் அம்மா ஒரு துணிப்பையில் என் உடுப்பையும் தன் புடவைகளையும் வைத்தாள். உள்ளே இரண்டு கம்பளிக்கு அடியில் அத்தை தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா அவளைத் தொட்டு எழுப்பினாள்.

"அண்ணி, சாம்பார் வெச்சிருக்கேன். மாவு இருக்குது. நான் காட்பாடி போறேன்."

அத்தை கண்ணைத் திறக்காமலே, "சாயங்காலம் வந்துடுவ இல்ல?" என்றாள்.

"பாக்கறேன்" என்றாள் அம்மா.

கன்டோன்மென்ட் ஸ்டேஷன் வரைக்கும் ஆட்டோ. பாசஞ்சர் ரயிலில் மர பெஞ்சு. ஒயிட்பீல்டு, பங்காருப்பேட்டை வரைக்கும் அம்மா ஜன்னலை இறக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விசில் சத்தம் ரயில் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. எதிர்சீட்டுக்காரர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். குப்பம் தாண்டி ரயில் மலையிறங்கத் தொடங்கியபோது காற்றில் குளிர் குறைந்தது. ஜோலார்பேட்டையில் அம்மா தலைத்துண்டை அவிழ்த்தாள். வாணியம்பாடியில் ஸ்வெட்டரைக் கழற்றினாள். ஆம்பூரில் ஜன்னலை அவளே தூக்கிவிட்டாள். வெயில் மடியில் விழுந்தது. கொய்யாப்பழம் வாங்கினாள். கடித்துக்கொண்டே என்னிடம், "உனக்குத் தெரியுமா, நானும் உங்க பெரியம்மாவும் சின்ன வயசுல இந்த ஸ்டேஷன்ல ஒரு நாள் ரயில தவறவிட்டுட்டு என்ன பண்ணோம் தெரியுமா" என்று ஆரம்பித்தாள்.

நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். கதையில் எனக்கு அக்கறை இல்லை. இன்றைக்கு அது முழுதாக நினைவிலும் இல்லை. ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் வந்தார், ஒரு ஆடு வந்தது, பெரியம்மா ஆட்டுக்காரனோடு சண்டை போட்டாள். அம்மா ஒவ்வொருவர் மாதிரியும் பேசிக் காட்டினாள். வாக்கியத்துக்கு மேல் வாக்கியம், மூச்சு எங்கேயும் அறுபடவில்லை. குடியாத்தம் தாண்டியும் கதை முடியவில்லை. என் அம்மாவுக்கு இவ்வளவு பேச்சு வரும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. கறாரான பெண் என்று நான் நினைத்திருந்தவள், பேசுவதற்குக் காற்றில்லாமல் இருந்தவள் என்பது அந்த ரயிலில்தான் எனக்குப் புரிந்தது. அவளை விட்டு நகராமல் ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். என் வாழ்க்கையில் அதைப் போல ஒரு லீவு வந்ததில்லை.

காட்பாடியில் பெரியம்மா எதுவும் கேட்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். "முன்னாடியே வந்திருக்கணும்டி நீ" என்று மட்டும் சொன்னாள். கிறிஸ்துமஸ் அன்றைக்கு அம்மா மொட்டை மாடியில் வெயிலில் படுத்துக் கிடந்தாள். நான் பக்கத்தில் படுத்தேன். ராத்திரி தூங்கும்போது விசில் கேட்கவில்லை. அது இல்லாமல் எனக்குத் தூக்கம் வரச் சிரமமாக இருந்தது.

கிறிஸ்துமஸ் கழிந்த மறுநாள் அப்பா வந்தார். நட்டநடு மத்தியானத்தில், ஸ்வெட்டர் போட்டபடி, வியர்த்து வழிந்துகொண்டு வந்து நின்றார். பெரியம்மா தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, "என்ன ஊரு இது. மனுசன் இருப்பானா இங்க" என்றார். பிறகு அம்மாவிடம், "கிளம்பு. அங்க எல்லாரும் ஓட்டல்ல வாங்கித் தின்னுகினு இருக்காங்க. மாமா ஒரு மாதிரி பேசறாரு" என்றார்.

அம்மா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"இங்க வாங்க. என் முதுகுல காத வெச்சுக் கேளுங்க."

"என்ன கூத்து இது? அக்கா நிக்கறாங்க."

"அக்காதான். பரவால்ல. வந்து கேளுங்க."

பெரியம்மா போய் ஃபேனை நிறுத்தினாள். வீடு அமைதியானது. அப்பா என்னைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார். பிறகு குனிந்து, அம்மாவின் முதுகில் காதை வைத்தார். அம்மா மூச்சை இழுத்து விட்டாள். இன்னொரு முறை இழுத்து விட்டாள். அப்பா காதை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அவர் கழுத்தில் வியர்வை ஓடியது.

"ஒண்ணும் கேக்கல" என்றார்.

"பெங்களூர்ல எப்பவாவது வெச்சுக் கேட்டிருக்கீங்களா?"

அப்பா நிமிர்ந்தார். எதிரில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது, நான் பார்த்தேன். இப்போது மன்னிப்புக் கேட்பார், அம்மாவின் கையைப் பிடிப்பார் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். கடைசியில் அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்.

"மாமா கிட்ட என்னன்னு சொல்றது?"

பெரியம்மாவுக்குக் கோபம் தாங்கவில்லை. "உள்ளதச் சொல்லுங்க மாப்ள. அந்த ஊரு குளிரு அவளுக்கு ஆகலன்னு சொல்லுங்க."

"அத எப்படிச் சொல்றது அக்கா? நான் வருஷா வருஷம் அவங்கள..." என்று அப்பா நிறுத்தினார்.

அம்மாதான் அவரைக் காப்பாற்றினாள். "உங்களுக்கு எது சௌகரியமோ அதச் சொல்லிக்கோங்க. நான் பனி முடிஞ்சுதான் வருவேன்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிக்க அவளிடம் இப்போது காற்று இருந்தது.

அப்பாவுக்கு எது சௌகரியமாக இருந்தது தெரியுமா? பெண்டாட்டி சண்டை போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள் என்று சொன்னார். ஊர் முழுக்க அப்படித்தான் சொன்னார். பெண்டாட்டி ஓடிப்போனாள் என்று உலகம் பேசட்டும், பெங்களூர்க் குளிர் ஆகவில்லை என்று மட்டும் ஒரு ஜீவன் பேசிவிடக் கூடாது. அதற்குப் பிறகு வருடா வருடம் தசரா வரும் முன்னால் அம்மா காட்பாடிக்குப் போய்விடுவாள், வெயில் ஏறிய பிறகு வருவாள். அவர்களுக்குள் சண்டை இருந்ததே இல்லை. அப்பா அவளை ரயிலேற்றிவிடுவார், மாதம் ஒரு தடவை போய்ப் பார்ப்பார், போகும்போது இங்கிருந்து காபிப்பொடி வாங்கிப் போவார். அவளைக் காப்பாற்ற அவரால் எல்லாம் செய்ய முடிந்தது, காரணத்தை மட்டும் வெளியே சொல்ல முடியவில்லை.

நான் பள்ளிக்கூடத்துக்காக இங்கேயே கிடந்தேன். நீங்கள் நினைவுபடுத்திப் பரவசப்படுகிற அத்தனை குளிர்காலமும் எனக்கு அம்மா இல்லாத குளிர்காலம். உங்கள் வீடுகளில் எனக்கு ஜடை போட்டுவிட்டார்கள், பாயசம் கொடுத்தார்கள், நன்றி மறக்கவில்லை. ஜடையைப் பின்னுகிற சாக்கில், "அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என்ன கண்ணு தகராறு? வேற யாராச்சும் வீட்டுக்கு வராங்களா?" என்று உங்கள் அம்மாக்கள் கேட்டதையும் மறக்கவில்லை. பின்னால் நின்று நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். மறுநாள் வகுப்பில் உங்களுக்குள் கிசுகிசுத்துக்கொண்டீர்கள். கல்யாண வீடு மாதிரி இருக்குமாம் எங்கள் வீடு!

மாமா குடும்பம் அதற்குப் பிறகும் இரண்டு லீவுகளுக்கு வந்தது. வெந்நீரும் இல்லை, வடையும் இல்லை, அப்பா கிளறிய கட்டி உப்புமாதான். அதற்கு அடுத்த வருடத்திலிருந்து அவர்களுக்கு ஊட்டி பிடித்துப்போனது. சமைக்க ஆள் இல்லாத வீட்டில் குளிரும் அவ்வளவு சுகமாக இல்லை போலிருக்கிறது.

அம்மா எழுபது வயதைத் தாண்டி வாழ்ந்தாள். ஒரு தை மாதத்தில், காட்பாடியில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரியம்மாவோடு ஏதோ கதை பேசிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். மாரடைப்பு என்றார்கள். மூச்சுக்குழாய்க்கு அதில் சம்பந்தமே இல்லை.

சாவுக்கு மாமா வந்திருந்தார். கிழவராகிவிட்டார், குரல் மட்டும் ரிடையர் ஆகவில்லை. பந்தலில் அப்பாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, துண்டால் விசிறியபடி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"வீம்பு மச்சான், வீம்பு. ஒன்ன விட்டுட்டு இந்த வெயில்ல வந்து உக்காந்தா. நம்ம பெங்களூர்லயே இருந்திருந்தா இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பா."

நான் காபித் தட்டோடு அவர்கள் பின்னால் நின்றிருந்தேன். பெரியம்மா வாசற்படியில் இருந்தாள், அவளும் கேட்டாள். நாங்கள் இரண்டு பேரும் அப்பாவைத்தான் பார்த்தோம். உள்ளே அம்மா கிடக்கிறாள். இனி யாரும் லீவுக்கு வரப்போவதில்லை, எந்த விருந்தாளியிடமும் எதையும் மறைக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் அம்மாவின் பெயர் சுத்தமாகிவிடும்.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமா மாமா. அந்தக் காத்த அனுபவிக்க அவ குடுத்து வைக்கல" என்றார்.